பின்கட்டு வரை போகும் மின்சாரம்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் ஒரு நகரத்தார் வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முகப்பு, பட்டாலை, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று வீடு நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். பர்மா தேக்குத் தூண்களையும் பூவேலை செய்த தரையையும் படமெடுக்க வருகிறவர்கள் அந்த நீளத்தை நடந்து கடக்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு ஒயரிங் செய்கிறவருக்கு அதுதான் முதல் கணக்கு. மின்வாரியத்தின் மீட்டர் முகப்பில் இருக்கிறது. அதிகம் மின்சாரம் இழுக்கும் மோட்டார், கிரைண்டர், கீஸர் எல்லாம் பின்பக்கம். நடுவில் இருநூறு அடி.

இந்த வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். கல்யாணம், சாந்தி என்றால் பங்காளிகள் எல்லோரும் வந்து இறங்குவார்கள். ஒரே காலையில் எல்லாக் குளியலறைகளிலும் கீஸர் ஓடும். அப்போதுதான் அந்தப் புகார் எழும்: பின்கட்டில் லோ வோல்டேஜ். விளக்கு மங்குகிறது, வெந்நீர் வர நேரமாகிறது, மோட்டார் கிளம்பாமல் உறுமுகிறது. பழி உடனே தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழும். சில சமயம் அது நியாயமாகவும் இருக்கும். ஆனால் முகப்பு ஹாலில் 230 வோல்ட் காட்டும் அதே நேரத்தில் பின்கட்டு பிளக்கில் 198 வோல்ட் காட்டினால், குறை வீட்டுக்குள்தான் இருக்கிறது. சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பியில் இருக்கிறது.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் பள்ளிக்கூடத்தில் ஒரே பாடத்தில் படித்துவிடுகிறோம். சூத்திரத்தில் இரண்டு எண்களைப் போட்டு மூன்றாவதை எடுக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, தங்கள் வீட்டுப் பின்பக்க விளக்கு ஏன் மங்குகிறது என்று சொல்லத் தெரிவதில்லை. அது அவர்கள் குற்றமல்ல. மூன்றையும் தனித்தனிப் பொருள்களாகவே சொல்லிக் கொடுக்கிறோம். உண்மையில் அவை ஒரு முழுச் சுற்றின் மூன்று கணக்குகள். சுற்றை முழுவதும் பார்க்காமல் அவற்றில் எதைப் பற்றியும் சரியாகப் பேச முடியாது.

முதலில் மின்னழுத்தம். 230 வோல்ட் என்றால், ஒரு கூலும் மின்னூட்டம் பேஸிலிருந்து நியூட்ரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் 230 ஜூல் ஆற்றலைக் கைமாற்றிவிடும் என்று பொருள். ஒரு கூலும் என்பது 6-க்குப் பின்னால் 18 பூஜ்யங்கள் போட்டால் வருகிற எண்ணிக்கைக்கும் சற்று அதிகமான எலக்ட்ரான்கள். இங்கே கவனிக்க வேண்டியது ‘இதிலிருந்து அதற்கு’ என்பது. வோல்டேஜ் எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. ஒற்றைக் கம்பியில் இத்தனை வோல்ட் என்று சொன்னால், எதோடு ஒப்பிட்டு என்று கேட்க வேண்டும். மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தால் குழாயைத் திறக்காதபோதும் குழாய்வாயில் அழுத்தம் இருக்கும். அதுபோல் சுவிட்சைப் போடாதபோதும் பேஸ் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் இடையே 230 வோல்ட் இருந்துகொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் உவமை இத்தோடு நிற்கட்டும். குழாய் உடைந்தால் தண்ணீர் தரையில் கொட்டும். ஒயர் அறுந்தால் மின்சாரம் எங்கும் கொட்டுவதில்லை. திரும்பிப் போக வழி இல்லையென்றால் அது ஓடவே ஓடாது.

மின்னோட்டம், ஒரு நொடியில் ஓர் இடத்தைக் கடக்கும் மின்னூட்டத்தின் அளவு. நொடிக்கு ஒரு கூலும் கடந்தால் ஓர் ஆம்பியர். எலக்ட்ரான்கள் கம்பிக்குள் மின்னல் வேகத்தில் பாய்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் பேட்டரியிலிருந்து ஓர் ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான். முகப்பில் புறப்படும் எலக்ட்ரான் அறுபது மீட்டர் தாண்டிப் பின்கட்டுக்குப் போய்ச் சேர ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் மாறுகிற மாறுமின்னோட்டம் என்பதால், அந்த எலக்ட்ரான் ஊர் போய்ச் சேர்வதே இல்லை. நின்ற இடத்திலேயே ஒரு மைக்ரானுக்கும் குறைவான தூரம் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிவது எப்படி? எலக்ட்ரான்கள் கம்பி முழுவதும் முன்பே நிறைந்திருக்கின்றன. அவற்றைத் தள்ளும் மின்புலம்தான் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகிறது. இருநூறு அடியைக் கடக்க அதற்கு ஒரு மைக்ரோநொடிகூடத் தேவையில்லை.

அப்படி நகரும் எலக்ட்ரான்கள் செம்பின் அணுக்களோடு ஓயாமல் மோதுகின்றன. மோதலில் ஆற்றல் வெப்பமாகிறது. அதுதான் மின்தடை. கம்பி நீளமானால் தடை கூடும், தடிமனானால் குறையும். கடையில் ‘ஒன் ஸ்கொயர்’ என்று கேட்டு வாங்குகிற ஒயர், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு உடையது. அதன் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 18.1 ஓம். ‘ஃபோர் ஸ்கொயர்’ என்றால் 4.61 ஓம். சிறிய வீட்டில் இந்த வித்தியாசத்தை யாரும் கவனிக்க வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டில் கவனிக்காமல் இருக்க முடியாது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். வீட்டின் நீளம் அறுபது மீட்டர். பேஸ் ஒயர் போக அறுபது, நியூட்ரல் திரும்ப அறுபது, ஆக 120 மீட்டர் கம்பி. பழைய ஒன் ஸ்கொயர் ஒயர் என்றால் அதன் தடை 2.17 ஓம். பின்கட்டில் 2,000 வாட் கீஸர் ஒன்று இருக்கிறது. அதன் தடை 26.45 ஓம். முகப்பில் 230 வோல்ட் கிடைக்கிறது. பலர் செய்கிற கணக்கு, 230-ஐக் கீஸரின் தடையால் வகுத்து 8.7 ஆம்பியர் என்று முடிப்பது. ஆனால் சுற்றில் கீஸர் மட்டும் இல்லை; ஒயரும் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 28.6 ஓம். ஓடுவது 8.04 ஆம்பியர். அந்த 8.04 ஆம்பியர் ஒயரின் 2.17 ஓமைக் கடக்கும்போது 17 வோல்ட்டுக்குச் சற்று மேல் அங்கேயே செலவாகிவிடும். கீஸருக்குக் கிடைப்பது 212 வோல்ட்டுக்குச் சற்று மேல். 2,000 வாட் கீஸர் 1,710 வாட் கீஸராகிவிட்டது. 140 வாட் சுவருக்குள் வீணாகிறது.

ஒரு கீஸரோடு நின்றால் பரவாயில்லை. கல்யாணக் காலையில் அதே ஒயரில் இரண்டு கீஸர் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் 15 ஆம்பியரை எட்டும். பின்கட்டில் மிஞ்சுவது 198 வோல்ட். ஒவ்வொரு கீஸரும் 1,480 வாட்டுக்கும் குறைவாகவே வேலை செய்யும். பதினைந்து லிட்டர் தண்ணீர் 30 டிகிரி சூடேற முழு வோல்டேஜில் சுமார் பதினாறு நிமிடம் போதும். இப்போது இருபத்தொரு நிமிடம். ஒயரில் மட்டும் 480 வாட்டுக்கு மேல் வெப்பம். கீஸர் இரட்டித்தது, ஒயரின் வெப்பம் மூன்றரை மடங்குக்கு அருகே போய்விட்டது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் இப்படி.

இந்த நிலையில்தான் சிலர் பின்கட்டில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்தக் காரியம் எனக்குக் கவலை தருகிறது. ஸ்டெபிலைசர் ஆற்றலை உண்டாக்குவதில்லை. குறைந்த வோல்டேஜை வாங்கி உயர்த்திக் கொடுக்க, அது முன்பக்கத்திலிருந்து அதிக மின்னோட்டத்தை இழுக்க வேண்டும். இரண்டு கீஸருக்கும் முழு 230 வோல்ட் கொடுக்க முயன்றால் அந்த ஒன் ஸ்கொயர் ஒயரில் ஓடுவது ஏறத்தாழ 22 ஆம்பியர். ஒயரில் எழும் வெப்பம் 1,000 வாட்டைத் தாண்டும். பழைய தேக்குப் பட்டைக்குள்ளோ சுவர்க் குழாய்க்குள்ளோ மூடிக் கிடக்கும் கம்பிக்கு இது தாங்காது. மின்னோட்டம் அளவு மீறினால் சுற்றைத் துண்டிக்கும் எம்சிபி சரியான அளவில் இருந்தால் விழுந்துவிடும். ‘அடிக்கடி விழுகிறது’ என்று பெரிய எம்சிபி மாற்றிப் போட்டிருந்தால், தீப்பிடிப்பதுதான் அடுத்தது. மருந்து வேறு இல்லை: ஒயரை மாற்ற வேண்டும். ஃபோர் ஸ்கொயர் போட்டால் அதே இரண்டு கீஸருக்கும் 221 வோல்ட் கிடைக்கும். ஒயரில் 154 வாட்தான் போகும்.

நியூட்ரல் ஒயரையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பேஸை மட்டும் தடிமனாக இழுத்துவிட்டு நியூட்ரலைப் பழைய மெல்லிய கம்பியிலேயே விட்டுவிடுகிற வேலை நடக்கிறது. போன மின்னோட்டம் அத்தனையும் திரும்பி வர வேண்டும். பாதிக் குறை அப்படியே இருக்கும்.

இப்படிச் சுற்றை முழுவதும் கணக்கில் எடுத்துப் பார்த்தவர்தான் கியோர்க் சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளியின் மகன். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, தந்தையிடம் கற்ற கைவேலையால் சோதனைக் கருவிகளைத் தாமே செய்துகொண்டார். 1800-இல் வோல்டா அடுக்குமின்கலத்தைக் கண்டுபிடித்த பிறகு ஐரோப்பா முழுவதும் மின்சோதனைகள் நடந்தன. ஆனால் அந்த மின்கலத்தின் அழுத்தம் ஓடஓடக் குறைந்துகொண்டே வரும். அளக்கிற பொருள் அளக்கும்போதே மாறினால் விதி எப்படிப் பிடிபடும்? ஆய்விதழ் ஆசிரியராக இருந்த போகண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: பிஸ்மத், செம்பு இரண்டையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றதை உருகும் பனியிலும் வை, வெப்பநிலை மாறாதவரை மின்னழுத்தமும் மாறாது. 1826-இல் ஓம் அப்படியே செய்தார். ஒரே தடிமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். மிகச் சிறியது 2 அங்குலம், மிகப் பெரியது 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்து, முறுக்குக் கம்பியில் தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று குறித்தார்.

அவருக்குக் கிடைத்த விடையின் வடிவத்தைப் பாருங்கள். மின்னோட்டம் என்பது, ஒரு மாறாத எண்ணை, இன்னொரு மாறாத எண்ணும் கம்பியின் நீளமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது. மேலே இருக்கும் எண் மூலத்தின் அழுத்தம். கீழே கம்பியோடு கூட்டப்படும் அந்த மாறாத எண்தான் முக்கியமானது: அது சோதனைக் கம்பியைத் தவிர மற்ற எல்லாவற்றின் தடை, மின்சாரத்தைத் தரும் கருவியின் உள்தடையும் சேர்த்து. நாம் பின்கட்டுக் கீஸருக்குப் போட்ட கணக்கும் இதே வடிவம்தான். பாடப்புத்தகத்தில் ஓம் விதி என்று சுருக்கித் தரப்படுவது இந்தப் பெரிய விதியின் ஒரு துண்டு. 1827-இல் அவர் இதை விரிவான நூலாக வெளியிட்டபோது சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை, வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது 1841-இல்.

எல்லாப் பொருளும் ஓம் சொன்ன நேர்விகிதத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பின் டங்ஸ்டன் இழைக்கு, எரியும்போது சுமார் 880 ஓம் தடை. குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சுவிட்சைப் போடும் கணத்தில் பல்பு ஃபியூஸாவது அதனால்தான். எல்ஈடி விளக்கின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றோ, பெரும்பாலும் வோல்டேஜ் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டி இழுத்து வெளிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆகவே, விளக்கு மங்கவில்லை என்பதால் ஒயரில் குறையில்லை என்று இன்று சொல்ல முடியாது.

ஒயரின் நீளத்தைவிட மோசமான இடம் ஒன்று உண்டு: ஜாயின்ட். நன்றாக முறுக்காத இணைப்பு, தளர்ந்த திருகு, கறுத்த பிளக் முனை. ஒயரில் எழும் 480 வாட்டும் 120 மீட்டருக்குப் பரவிவிடுவதால் உடனே ஆபத்தாகத் தெரியாது. ஆனால் பாதி விரல்நுனி அளவுள்ள லூஸ் இணைப்பில் 0.2 ஓம் தடை இருந்தால், 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 45 வாட் எழும். ரேடியோ மெக்கானிக்கின் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கிவிடும். இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பிளக் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் படிந்திருக்கிறதா, பிளக்கைப் பிடுங்கினால் முள் கையைச் சுடுகிறதா, மீன் கருகுவது போன்ற வாடை வருகிறதா என்று பார்த்தால் போதும், மீட்டர் தேவையில்லை. வெப்பம் ஏறினால் செம்பின் மேல் ஆக்சைடு படியும். ஆக்சைடு படிந்தால் தடை ஏறும். தடை ஏறினால் வெப்பம் இன்னும் ஏறும். அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் நேரடியாக முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டில் இது சீக்கிரமே நடக்கும், குறிப்பாக ஈரம் படும் இடங்களில்.

இந்தக் குறையைக் கண்டுபிடிப்பதில் டெஸ்டர் நம்மை ஏமாற்றும். ‘டெஸ்டர்ல லைட் எரியுது, பல்பு மட்டும் எரியல’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. டெஸ்டருக்குள் லட்சக்கணக்கான ஓம் கொண்ட தடை ஒன்று இருக்கிறது. அதன் வழியே ஓடுவது ஒரு மில்லி ஆம்பியரிலும் சிறு பங்கு. அத்தனை சிறிய மின்னோட்டத்துக்குக் கெட்ட ஜாயின்ட் ஒரு பொருட்டே இல்லை. அங்கே வோல்டேஜ் குறையாது. கீஸரைப் போட்டால்தான் குறையும். அதனால் மல்டிமீட்டரை வைத்து அளக்கும்போது சாதனத்தை ஓடவிட்டு அளக்க வேண்டும். கீஸர் ஓடாதபோது 230, ஓடும்போது 198 என்றால் இடைப்பட்ட 32 வோல்ட் எங்கே போகிறது என்று இணைப்பு இணைப்பாகத் தேடிக்கொண்டு போகலாம். நல்ல ஒயர்மேன் அப்படித்தான் தேடுவார்.

நீளத்தால் வரும் இதே இழப்பைத்தான் மின்வாரியமும் ஊர் ஊராகச் சமாளிக்கிறது. 100 கிலோவோல்ட் ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், வீடுகளின் பக்கம் 433 வோல்ட்டில் சுமார் 133 ஆம்பியர் தரும். அதே திறனுக்கு 11,000 வோல்ட் பக்கம் 5.25 ஆம்பியர் போதும். மின்னோட்டம் இருபத்தைந்து மடங்கு குறைந்தால் அதே கம்பியில் இழப்பு அறுநூறு மடங்குக்கு மேல் குறையும். 1932-இல் நீலகிரியின் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் எடுக்கத் தொடங்கிய நீர்மின்சாரம் தொலைவூர்களுக்குப் போய்ச் சேர்ந்தது இப்படி வோல்டேஜை ஏற்றி அனுப்பியதால்தான். வீட்டுக்குள் அந்த வழி இல்லை. கம்பியைத் தடிமனாக்குவது ஒன்றே வழி.

வீட்டுச் சுற்றில் நம் உடம்பும் சேர்ந்துவிடும் இடம் ஒன்று உண்டு. டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கு எரிய வேண்டுமானால் டெஸ்டரின் தலையை விரலால் தொட வேண்டும். அந்தச் சுற்று உங்கள் விரல், உடம்பு, பாதம், தரை வழியாக மண்ணுக்குப் போகிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை மண்ணோடு இணைத்திருப்பதால், தரையில் நிற்கும் எவரும் நியூட்ரலின் ஒரு முனையில் நிற்கிறார்கள். இப்போது ஆத்தங்குடித் தரைக்கு வருவோம்.

அந்தத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, அறை அறையாக வண்ணச் சிமென்ட் கரைசலை ஊற்றுவார்கள். அச்சை மெல்ல உயர்த்தி எடுத்ததும், உலர்ந்த மணலும் சிமென்ட்டும் கலந்து தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, மேலே காரையைப் போட்டு அழுத்துவார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறும். கடைசியில் கண்ணாடி தானே பிரியும்; அதன் வழவழப்பு கல்லில் இருக்கும். இந்த வேலை எதிலும் மின்சாரம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர்த் தொட்டியில் சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகும்போது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உருவாகின்றன. அவற்றில் ஈரம் இருந்தால் அது சுத்தத் தண்ணீர் அல்ல. சோடியம், பொட்டாசியம், ஹைட்ராக்சைடு அயனிகள் நிறைந்த காரநீர். அயனிகள் நகர முடிகிற இடத்தில் மின்சாரமும் ஓடும்.

ஒரே தரை, உலர்ந்திருக்கும்போது ஒன்று, நனைந்திருக்கும்போது வேறொன்று. நன்கு உலர்ந்த சிமென்ட் தளத்தின் தன்தடை, அதாவது நீளமும் தடிமனும் சாராமல் பொருளுக்கே உரிய தடையளவு, ஒரு லட்சம் ஓம்-மீட்டர் வரைகூடப் போகலாம். நீர் ஊறினால் நூறு ஓம்-மீட்டருக்கும் இறங்கும். துணைமின் நிலையங்களை வடிவமைக்கும் பொறியாளர்கள் ஒரு தோராய விதி வைத்திருக்கிறார்கள்: வெறும் பாதங்கள் இரண்டையும் ஊன்றி நிற்பவருக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள தடை, தன்தடையைப் போல் ஒன்றரை மடங்கு. அதன்படி உலர்ந்த தரையில் 1,50,000 ஓம். ஈரத் தரையில் 150 ஓம். மனித உடம்பின் தடையும் மாறக்கூடியதே. உலர்ந்த தோலோடு பல ஆயிரம் ஓம் இருக்கும்; தோல் நனைந்தால் சுமார் 1,000 ஓமுக்கு வந்துவிடும்.

உலர்ந்த வளவில், உலர்ந்த கையால், மின்சாரம் கசியும் கிரைண்டரைத் தொட்டவருக்குச் சுற்றின் மொத்தத் தடை 1,60,000 ஓம் என்று கொண்டால், ஓடுவது 1.4 மில்லி ஆம்பியர்; விரலில் சுருக்கென்று இருக்கும். மழை அடித்த வளவில் ஈரக் கையோடு தொட்டால் மொத்தம் 1,150 ஓம். ஓடுவது 200 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகிப் பிடித்த கையை எடுக்க முடியாமல் போகும். நூறைத் தொட்டால் இதயத்தின் துடிப்பு குலைந்து உயிர் போகலாம். கிரைண்டரும் அதேதான், 230 வோல்ட்டும் அதேதான். ‘போன வாரம்கூடத் தொட்டேன், லேசாத்தான் அடிச்சது’ என்பதை நம்பிக் கசியும் சாதனத்தைப் பழுதுபார்க்காமல் விடுகிறார்களே, அதை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையில் இத்தனை எண்களைச் சொல்கிறேன்.

உடம்பைச் சுற்றின் ஒரு பகுதியாக வைத்தே மின்தடையை அளந்த ஒருவர் இருந்தார். இங்கிலாந்தின் ஹென்றி கேவன்டிஷ். அன்று மின்னோட்டத்தை அளக்கக் கருவி இல்லை. லைடன் ஜாடிகளில் மின்னூட்டம் சேர்த்து, உப்புநீர் நிறைத்த கண்ணாடிக் குழாய்கள் வழியே தம் கைகளில் பாயவிட்டு, எந்த அதிர்ச்சி கூடுதல், எது குறைவு என்று உணர்ந்து குறித்தார். 1781-ஆம் ஆண்டளவில், ஓமுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ அதே விதியை அவர் எட்டிவிட்டார். ஆனால் வெளியிடவில்லை. அவர் கையெழுத்துக் குறிப்புகளை மாக்ஸ்வெல் தொகுத்து 1879-இல் பதிப்பித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

உப்புநீரிலும் ஈரச் சிமென்ட்டிலும் அயனிகள் வழியே மின்சாரம் ஓடுவதை ஆராயும் நாட்டின் தலையாய கூடம் ஆத்தங்குடியின் அண்டையிலேயே இருக்கிறது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊர்க்காரர்களுக்கு ‘சிக்ரி’. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அது இங்கே வந்தது. 1948 ஜூலை 25-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கலன்று, டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்கலங்கள், மின்முலாம் இவற்றோடு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிப்பதும் அங்கே நெடுங்காலமாக நடக்கும் ஆராய்ச்சி. துருப்பிடித்தல் என்பதே ஒரு மின்சுற்றுதான். கம்பியின் ஓரிடம் எலக்ட்ரானை விடுகிறது, இன்னோரிடம் வாங்குகிறது, ஈரக் கான்கிரீட்டில் அயனிகள் ஓடிச் சுற்றை முடிக்கின்றன. அதனால் கான்கிரீட்டின் தன்தடையை அளந்தாலே துருவின் வேகத்தை ஊகிக்க முடிகிறது: 200 ஓம்-மீட்டருக்கு மேல் இருந்தால் மெதுவாகத்தான் துருப்பிடிக்கும், 50-க்குக் கீழே போனால் மிக வேகமாக அரிக்கும். வளவில் நிற்பவரின் பாதத்துக்கும் பாலத்தின் கம்பிக்கும் அதே எண்தான் விதி எழுதுகிறது.

சரி, ஈரத் தரையில் நிற்பவரை எம்சிபி காப்பாற்றுமா? காப்பாற்றாது. 6 ஆம்பியர் எம்சிபிக்கு 200 மில்லி ஆம்பியர் ஒரு சிறு விளக்கின் சுமை. அது ஒயரைக் காக்கும் கருவி. மனிதரைக் காக்கும் கருவி அல்ல. எர்த் ஒயர் காப்பாற்றுமா? எர்த் குழியின் தடை 5 ஓமுக்குள் இருந்தால் கசிவில் 46 ஆம்பியர் பாய்ந்து எம்சிபி விழும். கோடையில் செம்மண் காய்ந்து, கரியும் உப்பும் போட்ட குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்தத் தடை 100 ஓமுக்கு ஏறியிருந்தால்? 2.3 ஆம்பியர்தான் பாயும். எம்சிபி விழாது, கிரைண்டரின் இரும்பு உடம்பு முழுவதும் ஏறத்தாழ முழு 230 வோல்ட்டில் நிற்கும்.

இதற்கென்றே இருப்பது ஆர்சிசிபி. ஒரு சந்திப்புக்குள் வரும் மின்னோட்டமெல்லாம் வெளியேறியாக வேண்டும் என்று 1845-இல் கிர்க்காஃப் சொன்ன விதிதான் அதன் அடிப்படை. பேஸ், நியூட்ரல் இரண்டு ஒயர்களும் ஒரே காந்த வளையத்தின் ஊடே போகின்றன. போனதும் திரும்பியதும் சமமாக இருந்தால் வளையத்தில் ஒன்றும் நிகழாது. யாரோ ஒருவரின் உடம்பு வழியே, அல்லது காய்ந்த எர்த் குழி வழியே, 30 மில்லி ஆம்பியர் வேறு பாதையில் போனாலும், சமநிலை கெட்டு, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் மின்சாரம் துண்டிக்கப்படும். தரை எவ்வளவு ஈரம், எர்த் எவ்வளவு நல்லது என்ற கேள்வியெல்லாம் அதற்கு இல்லை. தொண்ணூறு வருஷப் பழமையான, எர்த் ஒயரே இழுக்காத சுற்றுகள் இன்னும் மிஞ்சியிருக்கும் வீடுகளுக்கு, ஒயரிங்கை முழுவதும் மாற்றும் வரைக்கும் இதைவிட நல்ல காவல் கிடையாது. மாற்றும்போது முகப்பிலிருந்து பின்கட்டுக்குத் தனியாக ஃபோர் ஸ்கொயரோ அதற்கு மேலோ இழுத்து, அங்கே ஒரு சிறிய போர்டு வைத்து, அதற்கென்று தனி ஆர்சிசிபி பொருத்திக்கொள்வது நல்லது.

அந்தக் கருவியின் முகத்தில் ‘டி’ என்ற எழுத்தோடு ஒரு சிறு பொத்தான் இருக்கும். உள்ளே ஒரு தடை வழியே, வளையத்தைச் சுற்றிக்கொண்டு, வேண்டுமென்றே சிறிது மின்சாரத்தைக் கசியவிடும் பொத்தான் அது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பூட்டிக் கிடந்த வீடு என்றால், கல்யாணத்துக்குத் திறந்த அன்றே, கீஸரையும் கிரைண்டரையும் போடுவதற்கு முன்னால் அழுத்த வேண்டும். டக்கென்று விழவில்லையென்றால் அன்றைக்கே புதியது வாங்கி மாற்ற வேண்டும்.